ஏழாம் ஊரின் படம்

அண்ணை,

இன்று மாலை உங்கள் மகள் லவாலிலிருந்து வந்திருந்தாள். பூட்ஸைக் கழற்றாமலே வாசலில் நின்றுகொண்டு, "அப்பாட மேசைக்குள்ள இருந்தது அன்ரி, உங்கட பேர் ஒட்டியிருக்கு" என்று சொல்லி, ஃபிலிம் சுருள் போட்டு வருமே, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்றை என் கையில் வைத்தாள். உள்ளே வா என்றேன். பிள்ளையை கார்டரியிலிருந்து, அதுதான் குழந்தைகள் காப்பகத்திலிருந்து, கூட்டவேண்டும், கார் எஞ்சினை அணைக்கவில்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உங்களைப் போலவே வேகநடை.

மூடியைத் திறந்தேன். உள்ளே புரொஜெக்டரில் போட்டுக் காட்டும் ஸ்லைடு, ஒன்றே ஒன்று. வெள்ளை அட்டைச் சட்டத்தின் மூலையில், சிவப்பு மையில், என் கையெழுத்தில் 7 என்று இருந்தது.

உடனே மூடிவிட்டேன். மூடியதோடு நிற்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பொம்பளை, சொந்த வீட்டில், தீப்பெட்டி அளவு அட்டை ஒன்றுக்குப் பயந்து கதவைச் சாத்துகிறாள். வேறு யார் பார்த்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

மேசை விளக்கைப் போட்டேன். ரொம்ப நாள் போடாத விளக்கு, பல்பின் மேல் படிந்திருந்த தூசி சூடாகி வாசனை வந்தது. அந்த ஒரு வாசனை போதும் அண்ணை. இருட்டு அறை, விசிறி இரையும் புரொஜெக்டர், அதன் பின்னால் உங்கள் நெற்றி மட்டும் வெளிச்சத்தில். ஸ்லைடை இன்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. முதலில் உங்களோடு பேசிவிடுகிறேன்.

அது முடிந்துபோனது என்றுதானே சொன்னீர்கள்? இத்தனை காலம் அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: சீனம் இனிமேல் வெளியிலிருந்து எவ்வளவு கோதுமை வாங்கும்? விற்பதற்குக் காத்திருந்த கனடாக்காரர்கள் கேட்டார்கள். விலை ஏறுமே என்று மற்ற நாட்டுக்காரர்கள் கேட்டார்கள். அங்கே உண்மையில் எவ்வளவு தானியம் விளைகிறது என்று ஊர் ஊராக அளந்துபார்க்க, டவுன்டவுனில் நம் பல்கலைக்கழகத் துறைக்கும், சீனத்தின் உள்நாட்டு மாகாணம் ஒன்றிலிருந்த வேளாண் கல்லூரிக்கும் அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. அங்கே லின் என்ற பொருளாதாரப் பேராசிரியை, என் வயதுக்காரி. இங்கே நீங்களும் நானும். கோயம்புத்தூரில் வேளாண் பொருளாதாரம் படித்துவிட்டு மொன்றியலுக்கு வந்து வேரூன்றியவள் நான். மன்னாரிலிருந்து வந்த நீங்கள் புள்ளியியல்காரர். ஒரு தமிழனும் தமிழச்சியும் மொன்றியலில் உட்கார்ந்து சீனத்துச் சோளத்தை எண்ணுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிப்பார்.

முதல் நாள் உங்களை சார் என்று கூப்பிட்டேன். "சார் எண்டால் எனக்குப் பின்னாலை ஆரோ நிக்கிறது போலை கிடக்கு. அண்ணை எண்டு கூப்பிடுங்கோ, தங்கச்சி" என்றீர்கள். அண்ணா என்பதுதான் எனக்கு வாயில் வரும். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

உங்கள் குடியேற்றப் பத்திரங்கள் இன்னும் முடியவில்லை, அதனால் நாட்டை விட்டு வெளியே கால் வைக்க உங்களால் முடியாது. ஊர்களுக்குப் போனது நான். லின்னோடு சேர்ந்து வீடு வீடாகக் கேட்டு, வயல் வயலாக அளந்து, எண்களைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பேன். நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள். "முதலிலை பேரைக் கழட்டுங்கோ. பேந்து இலக்கத்தைத் தொடலாம்." ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு ஒன்றாம் ஊர், இரண்டாம் ஊர் என்று போட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். மொன்றியலில் இருந்துகொண்டு யாருக்கு அண்ணை ஒளிக்கிறோம் என்று ஒருதரம் கேட்டுவிட்டேன். எழுந்து போய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தீர்கள், எனக்கும் சேர்த்து.

அந்தக் கட்டுப்பாடு எல்லா ஊருக்கும் பொது. ஆனால் ஏழாம் ஊருக்கு அது உயிர் போகிற விஷயம். அங்கே மலைச்சரிவைத் திருத்திச் சோளம் போட்டிருந்தார்கள். அரசாங்கப் பதிவில் அந்த நிலமே கிடையாது. பதிவில் ஏறினால் ஊர் அரசுக்கு அளக்க வேண்டிய தானியமும் ஏறும். இத்தனை வருஷம் மறைத்ததற்கு ஊர்த்தலைவர் பதில் சொல்ல வேண்டும், பதில் என்றால் வெறும் வாய்ப்பேச்சோடு போகாது. நமக்கோ அந்தச் சரிவு தெரியாமல் கணக்கு சரியாக வராது. லின் அவருடைய சமையலறையில் உட்கார்ந்து, ஊர்ப்பெயர் எங்கேயும் வராது, என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் எங்களைச் சரிவுக்கே கூட்டிப்போனார். அளக்கும் டேப்பின் ஒரு நுனியை அவரே பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முன்னால் ஏறினார்.

கிளம்புகிற அன்று அவரைக் களத்தில், சோள மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. கலரில் தன்னை யாரும் படம் எடுத்ததில்லை, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று லின் தலையாட்டினாள்.

அடுத்த மார்ச்சில் டவுன்டவுனில் கூட்டம் வைத்தோம். சீனத்திலிருந்து அரசாங்க வர்த்தகக் குழு ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதும் நம் துறைத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. முன்வரிசை நாற்காலி முழுக்க அவர்களுக்கு ஒதுக்கினார். லின் ஒரு வாரம் முன்னாலேயே வந்து எல்லா ஸ்லைடையும் நம்மோடு உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. விசா இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் கூட்டம் நடக்கிற அன்றைக்குத்தான் அவளுடைய விமானம் வந்தது. நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து ஸ்லைடுகளைச் சரிபார்த்தோம். அட்டவணைகளில் ஒரு பெயர் மிச்சம் இருக்கக்கூடாது என்று நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். அந்தப் படத்தையும் பார்த்தோம். இரண்டு பேரும் பார்த்தோம். "நல்ல சிரிப்பு" என்றீர்கள்.

புரொஜெக்டரின் வட்டத்தட்டு உங்களுக்கு நினைவிருக்கும். மேலே ஒரு வளையம் உண்டு. அதைத் திருகிப் பூட்டாமல் தட்டைக் கவிழ்த்தால் அத்தனை ஸ்லைடும் கொட்டிவிடும். நான் எத்தனையோ தரம் கொட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் நீங்கள் பொறுக்கிக்கொண்டே, "வளையம், தங்கச்சி, வளையம்" என்பீர்கள். நீங்கள் ஒருநாளும் கொட்டியதில்லை.

அன்றைக்கு நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் முழுக்க இருட்டில். ஏழாம் ஊர் என்று சொல்லி அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். அவருடைய சிரிப்பு திரை முழுக்க வந்து நின்றது. யாரோ ரசித்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல படம் எடுத்திருக்கிறேன் என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

சட்டென்று படம் மங்கிப்போனது.

"அண்ணை, ஃபோக்கஸ்" என்றேன் மைக்கில். சரியாகவில்லை. இன்னும் மங்கியது. மனிதர் எது, மூட்டை எது என்று தெரியாத அளவுக்குக் கரைந்துபோனது. எனக்குக் கோபம் வந்தது. முன்வரிசையில் இத்தனை பெரிய மனிதர்கள், இந்த நேரம் பார்த்து!

அப்போது பின்னாலிருந்து உங்கள் குரல், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, தமிழில்: "தங்கச்சி, வடிவாக் கேளுங்கோ. படத்திலை ஊர்ப்பேர் கிடக்கு. லின் இஞ்சை எனக்குப் பக்கத்திலை நிக்கிறா. சிரிச்சுக்கொண்டே மிசினைத் திட்டுங்கோ. ஏழாம் ஊரை விட்டிட்டுக் கதையுங்கோ."

மெஷின் பழுதாகிவிட்டது என்று நீங்கள் விளக்குவதாக அத்தனை பேரும் நினைத்தார்கள். உங்கள் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, இந்த மெஷினுக்கு எங்கள் இருவரையும் விட வயசு அதிகம் என்று இங்கிலீஷில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அடுத்தடுத்த ஸ்லைடுகளில் அட்டவணைகள், ஒவ்வொரு ஊருக்கும் பதிவில் இருக்கும் நிலம் எவ்வளவு, நாங்கள் அளந்த நிலம் எவ்வளவு என்று. நீங்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனீர்கள், திரையில் வெறும் வெளிச்சக் கீற்றுகள் ஓடின. நான் கோதுமை, கப்பல், துறைமுகம் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விளக்குகள் எரிந்ததும் முன்வரிசையில் குழுத்தலைவர் கையைத் தூக்கினார். ஒல்லியான மனிதர், மெல்லிய சட்டம் போட்ட கண்ணாடி, மிக மரியாதையான இங்கிலீஷ்.

"அந்த விவசாயியின் படம் மிக அழகு. மறுபடி ஒருமுறை, தெளிவாகக் காட்ட முடியுமா?"

"மன்னிக்க வேண்டும் ஐயா, இயந்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது" என்றீர்கள் பின்னாலிருந்து.

"பரவாயில்லை. நானே வந்து ஸ்லைடைக் கையில் வைத்துப் பார்க்கிறேன்."

எழுந்தே விட்டார். நடைபாதையில் அவர் பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல்தான் ஓடினேன். லின் சுவரோரம் நின்றிருந்தாள். விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்தவள், சேற்றுப் பனியில் நனைந்த மெல்லிய ஷூவோடு. அவள் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

நீங்கள் தட்டை இரண்டு கையாலும் தூக்கினீர்கள். ஒரு கவிழ்ப்பு. மொத்த ஸ்லைடும் சோவென்று தரையில் கொட்டிச் சிதறியது. "ஐயோ! வளையத்தைப் பூட்ட மறந்துவிட்டேன்!" என்று இங்கிலீஷில் கத்தித் தலையிலடித்துக்கொண்டீர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், நீங்கள் வளையத்தை மறக்கிற ஆள் இல்லை என்று.

எல்லோரும் குனிந்தார்கள். குழுத்தலைவரும் கோட்டை ஒதுக்கிக்கொண்டு முழங்காலிட்டார். ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, பிறகே உங்கள் கையில் கொடுத்தார். ஒன்றையும் விடவில்லை. நானும் நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். அவருக்கு முன்னால் அது என் கையில் கிடைக்கவேண்டும், வேறு எதுவும் வேண்டாம். கோயம்புத்தூரில் இருக்கும்போது ஒரு சாமியையும் கும்பிடாதவள், அன்றைக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். உங்கள் மாதாவையும் விடவில்லை.

கடைசி ஸ்லைடையும் பார்த்துக் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார். கைக்குட்டையால் முழங்காலைத் தட்டினார். "அந்த ஒன்று மட்டும் காணோம் போலிருக்கிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "இளம் வயதில் நானும் கிராமத்தில் வேலை செய்தவன். அந்த மலையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு அண்ணை? கள்ளனைப் பிடித்துவிட்ட சிரிப்பா, பழைய ஞாபகத்தில் வந்த சிரிப்பா? எத்தனை முறை நாம் பேசித் தீர்த்திருப்போம். தீரவேயில்லை.

பெண்கள் கழிப்பறையில் லின் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டைகளில் என்ன எழுதியிருந்தது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தானிய நிலையத்துக்குப் போகிற சாக்கு திரும்பித் தங்களுக்கே வரவேண்டும் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொரு சாக்கிலும் ஊர்ப்பெயரை மையால் அடித்துவைப்பார்களாம். கவுண்டி என்கிற வட்டத்தின் பெயர், ஊரின் பெயர், இரண்டும். அதுதான் திரை முழுக்க நின்றது. நீங்களும் நானும் அதை எழுத்து என்று பார்த்தோம், ஆனால் பெயர் என்று நினைக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் சாக்கு என்றால் உரக் கம்பெனிப் பெயர்தானே இருக்கும்? யூரியா மூட்டை பார்த்தே வளர்ந்த கண்கள். அட்டவணையில் பூதக்கண்ணாடி வைத்துப் பெயர் தேடியவர்கள், ஆள் உயரத்துக்கு நின்ற பெயரை விட்டுவிட்டோம்.

லின் நம்மைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊர்த்தலைவரின் மனைவி எனக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் லின்னை, ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் அவள் தங்கவிருந்த சீனக் குடும்பத்தின் வீட்டில் விடக் கூட்டிப்போனீர்கள், நானும் வந்தேன். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பின்சீட்டில் அவள் அலுப்பில் வாய் திறந்து தூங்கிப்போனாள். ஸ்லைடு எங்கே அண்ணை, கவிழ்க்கும் முன்பே எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அது முடிஞ்சுது" என்றீர்கள். வைப்பர் போய்ப்போய் வந்தது. பிறகு நீங்களாகவே சொன்னீர்கள்.

"எங்கடை ஊரிலை ஒரு கடை இருந்தது. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு அந்தக் கடைக்காரன் பாணும் பருப்பும் குடுத்தவன். ஆரோ ஒரு நல்ல மனுசன் வெளியிலை இருந்து வந்து, நல்லதுக்குத்தான், படம் எடுத்துப் பேப்பரிலை போட்டிது. பேர் ஒண்டும் எழுதேல்லை. ஆனால் படத்திலை கடைப் பலகை நிண்டிது. பிறகு வந்து கூட்டிக்கொண்டு போட்டினம்."

"யார் வந்து?"

"ஆர் வந்தால் என்ன தங்கச்சி? திரும்பி வரேல்லை. என்ரை மனுசியின்ரை தம்பி அவன்."

பாலத்தின் மறுகரை விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. யாருக்கு ஒளிக்கிறோம் என்று முன்பு கேட்டதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை என்றேன், வெட்கப்படாமல். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே, "இருக்கட்டும். பயமில்லாத ஆளின்ரை கையிலை ஊர்ப்பேரைக் குடுக்கக் கூடாது" என்றீர்கள்.

லின் சில நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாள். விமானநிலையத்துக்கு நீங்கள்தான் கொண்டுபோய் விட்டீர்கள். என் பிள்ளைக்கு அன்று காய்ச்சல், என்னால் வரமுடியவில்லை. போனில் என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: நானாகக் கூப்பிடும்வரை கூப்பிடாதே, ஃபாக்ஸும் அனுப்பாதே.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நாள் நாளாக எண்ணிக் கழித்தேன். காலையில் பச்சை வழி மெட்ரோவிலிருந்து ஏறி வந்ததும் முதல் வேலை ஃபாக்ஸ் மெஷினைப் பார்ப்பது. காகிதம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். சீனத்திலிருந்து யார் வந்தாலும் அந்த மாகாணத்தில் ஏதாவது விசேஷமா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்பேன், கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று பயப்படுவேன். தெருமுனை டெபனர் கடையில் பால் வாங்க நிற்கும்போது அந்தப் பல் இல்லாத சிரிப்பு வந்து முன்னால் நிற்கும். சரிவில் அவர் மூச்சு வாங்கிய சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார், ஒருநாள் கேட்டேவிட்டார்: "எங்கேயோ இருக்கற சாக்கு மூட்டைக்கு நீ ஏன்டி இங்க நடுங்கறே? அந்த ஆளு சௌக்கியமா சோளம் தின்னுட்டு இருப்பான்." அவரிடம் எப்படிச் சொல்வது? டேப்பின் மறுநுனியைப் பிடித்தவள் நான். அந்த மனிதர் நம்பியது லின்னை மட்டும் இல்லை.

உங்களுக்குப் பயமில்லை என்றே அப்போது நினைத்தேன். ஒழுங்காக வந்தீர்கள், ஒழுங்காக வேலை செய்தீர்கள். மத்தியானம் பிட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளுவீர்கள். வேண்டாம் என்றால், "சாப்பிடுங்கோ. வெறும் வயித்தோடை பயப்பிடேலாது" என்பீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். ஏழாம் ஊரின் எண்களை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவோம் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். துறைத்தலைவர் குதித்தார். முக்கியமான ஊரை விட்டால் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்றார். ஒரு ஊர் மிஞ்சும் என்றீர்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதில் எத்தனை இழுத்தடித்தார் என்பதையும் நான் மறக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை முனகியதில்லை நீங்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, நீங்கள் பல்வலி என்று வராத அன்று, தொலைபேசி மணி அடித்தது. தூரத்து இரைச்சல். லின்.

"இந்த வருஷமும் சோளம் நன்றாக வந்திருக்கிறது" என்றாள். "எல்லா இடத்திலும். மேலேயும்."

மேலே என்றால் சரிவு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாரும் போகவில்லை, யாரும் கேட்கவில்லை, அவர் அவருடைய வீட்டில் இருக்கிறார். லின் இன்னும் ஒன்று சொன்னாள்: "அண்ணையிடம் சொல். அந்த மனிதருக்குப் படம் கிடைத்தது. உங்கள் ஊரில் படத்துக்குள்ளேயும் பனி பெய்யுமா என்று கேட்கிறார்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். மொன்றியல் பனிக்காலப் படம் போட்ட வாழ்த்து அட்டை எதையோ நீங்கள் கொடுத்தனுப்பியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். உங்களிடம் அப்படியே ஒப்பித்தேன். நீங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, ரொம்ப நேரம் சிரித்தீர்கள். வெறும் வாழ்த்து அட்டைக்கு இப்படி ஒரு சிரிப்பா என்று நினைத்தேனே தவிரக் கேட்கவில்லை.

பின்னாளில் அந்த நாடே தன் நிலத்தையெல்லாம் மறுபடி ஒழுங்காக எண்ணிப் பார்த்தது என்றும், பதிவில் இல்லாத எத்தனையோ சரிவுகள் யார் தலையும் உருளாமல் கணக்கில் ஏறின என்றும் படித்தோம். உங்களுக்கும் பத்திரங்கள் வந்தன. நீங்கள் முதன்முதலாகப் போனது மன்னாருக்கு.

போன மாதம் கோவிலில் உங்களைப் பெட்டிக்குள் பார்த்தபோது கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். புரொஜெக்டரின் கண்ணாடியைத் திருகிய கை.

சரி. இப்போது பார்த்துவிடுகிறேன்.

விளக்குக்கு நேராகப் பிடித்தேன் அண்ணை. அவர் இருக்கிறார். அதே சிரிப்பு, அதே பல் இல்லாத இடம், நீலச் சட்டை. அவருக்குப் பின்னால் மூட்டைகள். மூட்டைகளில் எழுத்து இல்லை. ஊசிமுனையால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டியிருக்கிறீர்கள். சுரண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக வெளிச்சம் வருகிறது. எழுத்தை மட்டுமா? மூட்டையில் இருந்த கறையையும் சுரண்டியிருக்கிறீர்கள். தராசின் மேல் ஏதோ புள்ளி, அதையும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை, மலையின் விளிம்பை, அவருடைய சட்டைப் பித்தானைக்கூட. அந்த மொழியில் எது எழுத்து, எது கறை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியாமல், ஒன்றையும் விடக்கூடாது என்று, எல்லாவற்றையும் சுரண்டியிருக்கிறீர்கள். முகத்தில் மட்டும் ஊசி படவில்லை.

இதைப் பிரதியெடுத்துத்தான் விமானநிலையத்தில் லின்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கேட்ட கலர் படம். மூட்டை மேலும் மலை மேலும் வெள்ளையாக உதிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான், உங்கள் ஊரில் படத்துக்குள்ளேயும் பனி பெய்யுமா என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

பிட்டை என் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தீர்களே, நீங்கள் என்னைவிட அதிகம் பயந்திருக்கிறீர்கள் அண்ணை. ஒரு சட்டைப் பித்தானுக்குப் பயந்திருக்கிறீர்கள்.

வேலையில் இருந்த கடைசி நாள்வரை, எந்த மாணவன் எந்த ஊர்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், இதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது பார்த்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசவிடுவேன். கிழவிக்கு ஒரு பைத்தியம் என்று பிரெஞ்சில் முனகுவார்கள், எனக்குப் புரியாதென்று நினைத்து. முனகட்டும். அந்த நடுக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போகவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

ஸ்லைடை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். கதவைத் திறக்கவேண்டும், வீட்டுக்காரர் வெளியே நின்று மணியடிக்கிறார். உங்கள் மகள் என்ன படம் என்று கேட்டால் காட்டுவேன். எங்கே எடுத்தது என்று கேட்பாள்.

ஏழாம் ஊர் என்று சொல்வேன்.